மிதத்தலும் பதிதலும்

நம் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது அவற்றில் இரண்டைப் பனிக்கென்றே ஒதுக்கியது. முன்பனி, பின்பனி. ஆனால் அந்தப் பனி புல்நுனியில் துளிர்த்து, வெயிலேறுமுன் மறைந்துவிடுவது. வானத்திலிருந்து பஞ்சாக இறங்கி, முழங்கால் ஆழத்துக்குக் கிடந்து, நான்கைந்து மாதம் ஊரைவிட்டு நகராத பொருளுக்கு நம்மிடம் தனிச்சொல் இல்லை. வெண்பனி, உறைபனி என்று அடைமொழி சேர்த்துச் சமாளிக்கிறோம். சக்கரம் தரையைப் பற்றிக்கொண்டு வண்டியை முன்னே செலுத்தும் செயலுக்கும் இதே நிலைதான். பாடநூல் உராய்வு என்கிறது. லாரி ஓட்டுநர் கிரிப் என்கிறார். நான் பிடிமானம் என்ற சொல்லைத் தேர்ந்துகொள்கிறேன். வெண்பனியின்மேல் பிடிமானத்தை மனிதர்கள் தேடிய கதை, எஞ்சின்களின் வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. குதிரைத்திறனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர், அந்தத் திறன் தரையைத் தொடும் உள்ளங்கையளவு இடத்தைப் பற்றி எழுதுவதில்லை.

கனடாவிலும் அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் இன்று குளிர்காலக் காலைகளில் சாதாரணமாகக் காணக்கூடிய ஒரு காட்சி உண்டு. மோட்டார் சைக்கிள் போன்ற கைப்பிடியும் நான்கு பருத்த டயர்களும் கொண்ட, ஏடிவி என்று அழைக்கப்படும் சிறு வண்டி. அதன் முன்னால் ஐந்தடி அகலத்தில் வளைந்த இரும்புத் தகடு. வீட்டு வாசலிலிருந்து பெருஞ்சாலைவரை செல்லும் வண்டிப்பாதையில் இரவு விழுந்த பனியை அது தள்ளிக்கொண்டு போகிறது. ஆங்கிலத்தில் இதற்கும் உழவுக்கும் ஒரே சொல். நமக்கு அப்படிச் சொல்ல நா எழாது. விதைப்பதற்கு எதுவுமில்லாத இந்த வேலையை ஒதுக்குதல் என்று சொல்வதே பொருத்தம். வண்டி பாதி வழியில் நின்றுவிடுகிறது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை. ஓட்டுகிறவர் இறங்கிப்போய்ச் சங்கிலியையும் மணல் மூட்டையையும் எடுத்துவருகிறார். இந்தச் சிறு இக்கட்டின் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பிணக்கு ஒன்று இருக்கிறது. பனியின்மேல் மிதந்து போவதா, பனியை ஊடுருவிப் பதிந்து போவதா என்பதே அது.

முதலில் ஒரு வியப்பான செய்தி. பனியைச் சாலையிலிருந்து அகற்றவேண்டும் என்ற எண்ணமே பழையதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களின் கிராமங்களில் பனி ஓர் இடைஞ்சலாக அன்றி வசதியாகவே இருந்தது. கோடையில் மேடும் பள்ளமுமாகவும் வசந்தத்தில் சேறாகவும் கிடந்த பாதை, குளிர்காலத்தில்தான் வழவழப்பாக மாறியது. சக்கரங்களைக் கழற்றிவைத்துவிட்டுச் சறுக்குக்கட்டை பொருத்திய வண்டிகளை எடுப்பார்கள். ஒரு குதிரை கோடையில் இழுக்க முடியாத மரச்சுமையைக் குளிர்காலத்தில் எளிதாக இழுத்தது. ஆகவே அவர்கள் பனியை ஒதுக்கவில்லை, அழுத்தினார்கள். ஆள் உயரத்தையும் மிஞ்சிய மர உருளைகளை நான்கு, ஆறு குதிரைகள் பூட்டி இழுத்து, விழுந்த பனியைக் கெட்டித்துப் பாதையாக்கினார்கள். அந்தப் பகுதிகளில் கூரையிட்ட மரப்பாலங்கள் அதிகம். கூரை இருப்பதால் பாலத்தின் தளத்தில் பனி விழாது, சறுக்குவண்டி வெறும் மரத்தில் தேய்ந்து நிற்கும். எனவே வெளியிலிருந்து பனியை அள்ளிக்கொண்டுவந்து பாலத்துக்குள் பரப்புவதற்குக் கூலிக்கு ஆள் வைத்தார்கள். சாலைக்குப் பனி கொண்டுவந்து கொட்டுவது ஒரு காலத்தில் ஊர்ப்பணியாக இருந்தது என்பதை, இன்று உப்பு தூவும் லாரிகளைப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். நகரங்களில் மட்டும் 1860களிலேயே குதிரை பூட்டிய ஒதுக்குத் தகடுகள் வந்துவிட்டன. அங்கேயும் சறுக்குவண்டிக்காரர்கள் தங்கள் பாதை கெடுவதாகவும், கடைக்காரர்கள் தங்கள் வாசலில் பனி மலையாகக் குவிவதாகவும் சண்டையிட்டார்கள்.

மோட்டார் கார் வந்ததும் கணக்கு தலைகீழாயிற்று. குதிரைக்குக் குளம்பு இருந்தது, குளம்பில் லாடம் இருந்தது, வழுக்கும் நாட்களில் லாடத்தில் முள்ளாணியும் அறைந்துகொள்ளலாம். இழுப்பது குதிரை, வண்டி வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தால் போதும். பிடிமானம் ஓரிடத்தில், வழுக்கல் ஓரிடத்தில் என்று வேலை பிரிந்திருந்தது. காரிலோ சுமப்பதும் தள்ளுவதும் ஒரே சக்கரம். பனியில் அதனால் இரண்டையும் செய்ய முடியவில்லை. ஓட்டுநர்கள் டயரைச் சுற்றிக் கயிறு கட்டி ஓட்டினார்கள். நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா என்ற சிற்றூரைச் சேர்ந்த ஹாரி வீட் அந்தக் கயிற்றைச் சங்கிலியாக மாற்றி 1904 ஆகஸ்டில் காப்புரிமை பெற்றார். ஏணிபோல இரு பக்கச் சங்கிலி, குறுக்கே படிகளாகச் சிறு சங்கிலிகள். அதன் நுட்பம் இறுக்கத்தில் இல்லை, தளர்வில் இருக்கிறது. டயரோடு விறைப்பாகக் கட்டப்படாமல், சங்கிலி ஓட ஓடச் சற்றே நகர்ந்துகொண்டிருப்பதால் டயரின் ஒரே இடம் மீண்டும் மீண்டும் அடிபடுவதில்லை. காவிரிப் படுகையில் சேற்றுழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. மென்மையான தரையைக் கிழித்துக் கீழே உள்ள உறுதியைத் தேடுவது இரண்டுக்கும் பொது. இதைப் பதிதலின் வழி எனலாம்.

மிதத்தலின் வழி ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வேறோரிடத்தில் திறந்தது. மெய்ன் மாநிலத்தின் வாட்டர்வில் நகரைச் சேர்ந்த ஆல்வின் லம்பார்ட் 1901இல் காப்புரிமை பெற்ற இயந்திரம், காட்டிலிருந்து மரம் இழுப்பதற்கானது. பார்வைக்கு அது தண்டவாளத்தைத் தொலைத்துவிட்ட ரயில் எஞ்சின். பின்புறம் சக்கரங்களுக்குப் பதிலாக இருபக்கமும் சுழலும் சங்கிலிப் பட்டைகள், முன்புறம் சறுக்குக்கட்டை. பெரும் எடையை நீண்ட பட்டையின் பரப்பில் பகிர்ந்து வைத்ததால் அது புதையவில்லை. மரமேற்றிய சறுக்குவண்டிகள் வரிசையாக அதன் பின்னால் வழுக்கிக்கொண்டு வரவேண்டும் என்பதற்காகக் காட்டுப் பாதையில் இரவில் நீர் தெளித்துப் பனிக்கட்டியாக உறையவைத்தார்கள். ஒரே பாதை, பின்னால் வருவனவற்றுக்கு வழுக்கவேண்டும், முன்னால் செல்வதற்கு வழுக்கக்கூடாது. குதிரைக்கும் வண்டிக்கும் இடையே இருந்த பழைய வேலைப் பிரிவினையை லம்பார்ட் இரும்பில் மீட்டெடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு குறை இருந்தது. திருப்புசக்கரத்தைப் பிடிக்கும் ஆள் கொதிகலனுக்கும் முன்னால், திறந்தவெளியில், உறைகாற்றில் உட்கார்ந்திருந்தார். வண்டிக்குப் பிரேக் கிடையாது. சரிவில் இறங்கும்போது பின்னால் நூறு டன்னுக்கு மேல் மரம். அந்த இருக்கையில் அமர்ந்தவர்களின் மனநிலையை யாரும் நாவலாக எழுதியிருந்தால் படிக்க ஆசை.

சங்கிலிப் பட்டை பின்பு எங்கெங்கோ சென்றது. ரஷ்யாவின் ஜார் இரண்டாம் நிக்கோலஸின் கார்க் கொட்டகையில் பணியாற்றிய அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர், இரும்புக்குப் பதிலாக ரப்பர் வாரைப் பட்டையாக்கி அரசரின் கார்களைப் பனியில் ஓட்டினார். புரட்சிக்குப் பின் அவர் பிரான்ஸ் திரும்பி சித்ரோயனிடம் சேர்ந்தார். அரசர் போன பின்பும் பனி போகவில்லை. கெக்ரெஸ் பட்டை பூட்டிய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றை லெனினும் பயன்படுத்தினார். அது மாஸ்கோவுக்கு அருகே கோர்க்கியில் காட்சிக்கு இருக்கிறது. தென்துருவம் நோக்கிப் புறப்பட்ட கேப்டன் ஸ்காட் மூன்று மோட்டார் சறுக்குவண்டிகளைக் கொண்டுபோனார். ஒன்று 1911 ஜனவரியில் கப்பலிலிருந்து இறக்கும்போதே கடற்பனி உடைந்து மூழ்கியது. மற்ற இரண்டும் அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் புறப்பட்டுச் சில நாட்களிலேயே எஞ்சின் பழுதாகி நின்றன. கைவிட்டது எஞ்சின்தான், பட்டையன்று. இந்த வேறுபாட்டை ஸ்காட்டின் தோல்வியைப் பற்றி எழுதுவோர் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் வெர்ஜில் வைட் என்பவர் 1917இல் ஃபோர்டு மாடல் டி காருக்கு முன்னால் சறுக்குக்கட்டையும் பின்னால் பட்டையும் பூட்டும் இணைப்புக்குக் காப்புரிமை பெற்றார். கிராமத் தபால்காரர்களும் மருத்துவர்களும் அதை வாங்கினார்கள்.

ஆனால் இந்த வரலாற்றின் மையம் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், வால்கூர் என்ற சிற்றூரில் இருக்கிறது.

ஜோசப் ஆர்மாண் பொம்பார்தியே அங்கே 1907இல் பிறந்தார். பதினைந்து வயதில், பழைய ஃபோர்டு எஞ்சின் ஒன்றைச் சறுக்குவண்டியில் ஏற்றி, பின்னால் விமானத்துக்குப் போலக் காற்றாடியைப் பொருத்தித் தம்பியோடு ஊர்த்தெருவில் ஓட்டினார். திறந்து சுழலும் காற்றாடியைக் கண்ட தந்தை அதை உடனே பிரிக்கச் சொன்னார். இந்த இயந்திரத்தில் கவனிக்கவேண்டியது, அது பிடிமானம் என்ற சிக்கலையே தவிர்த்துவிட்டது என்பது. தரையைத் தள்ளவேண்டியதில்லை, காற்றைத் தள்ளினால் போதும். அழகான தீர்வுதான், ஆனால் சுமை ஏற்றினால் நிற்கும், மேட்டில் திணறும். பத்தொன்பது வயதில் சொந்தமாகக் கார் பழுதுபார்க்கும் கடை வைத்தார். கோடையெல்லாம் கார்கள். குளிர்காலத்தில் ஊரே கார்களை மரக்கட்டைமேல் ஏற்றி நிறுத்திவிடும். அந்த மாதங்களில் அவர் பனிவண்டிகளைக் கட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி. மருத்துவமனை ஷெர்ப்ரூக் நகரில், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். சாலைகள் பனியில் மூடிக் கிடந்தன. பனியில் செல்லும் வண்டி கட்டுவதையே வேலையாகக் கொண்டவரின் கொட்டகையில் அன்று ஓடக்கூடிய நிலையில் ஒரு வண்டிகூட இல்லை. எல்லாம் பிரித்துப் போடப்பட்டிருந்தன. குழந்தை இறந்துவிட்டது.

இந்தச் சாவிலிருந்துதான் கண்டுபிடிப்பு பிறந்தது என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் அதற்கு முன்பே பன்னிரண்டு ஆண்டுகளாக அதே சிக்கலோடு மல்லாடிக்கொண்டிருந்தவர். துயரம் யாருக்கும் பொறியியல் கற்றுத்தருவதில்லை. எனினும் 1935க்குள் அவர் தீர்வை எட்டிவிட்டார் என்பதும், அதற்குப் பிறகு அவருடைய வண்டிகளின் முதல் வாடிக்கையாளர்களில் மருத்துவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. தீர்வு ஒரு பல்சக்கரம். ரப்பர் பூசிய பற்கள், ரப்பர் வார்களுக்குக் குறுக்கே எஃகுப் பட்டைகள் வைத்த சுழல்பட்டையைக் கவ்வி இழுக்கும். பனி ஈரமானது, ஒட்டுவது. இரும்பில் படிந்து இறுகினால் பல்லும் பட்டையும் ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவும். வளைந்துகொடுக்கும் ரப்பர் அதை உதிர்த்துவிடும். 1937 ஜூனில் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் செல்லும் வண்டிக்கு பி7 என்று பெயர், பின்பு பன்னிரண்டு பேருக்கு பி12. கப்பலுக்குப்போல வட்டச் சன்னல்கள். தபால், பிணம், பிரசவத்துக்குப் போகும் பெண், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் அதில் போயின. ஊர்கள் குளிர்காலத்திலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

அப்போது மறுபக்கம் வென்றது. 1948இல் கியூபெக் அரசு குளிர்காலத்தில் ஊர்ப்புறச் சாலைகளையும் ஒதுக்கித் திறந்துவைக்கவேண்டும் என்று சட்டமியற்றியது. ஒதுக்கிய சாலையில் சாதாரணக் கார் போகும். சாதாரணக் கார் போகுமிடத்தில் பி12 எதற்கு? பொம்பார்தியேயின் விற்பனை சரிந்தது. பனியின்மேல் மிதக்கக் கற்ற தொழிற்சாலையை, பனியை ஒதுக்கும் தகடு ஏறத்தாழ மூழ்கடித்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சட்டம் வந்திருந்தால், அந்தக் குழந்தை எந்தக் கண்டுபிடிப்பும் இல்லாமல் ஒரு பழைய காரில் ஷெர்ப்ரூக் போய்ச் சேர்ந்திருக்கலாம். தனி மனிதனின் மேதைமைக்கு நாம் சிலை வைக்கிறோம், வைக்கவேண்டியதுதான். நகராட்சியின் ஒதுக்குத் தகட்டுக்கு யாரும் வைப்பதில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. சதுப்பிலும் காட்டிலும் செல்லும் பட்டை டிராக்டர்களுக்குத் திரும்பினார். 1959இல் ஓரிருவர் செல்லும் சிறு பனிவண்டியை ஸ்கீ டூ என்ற பெயரில் வெளியிட்டார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்கு மாற்று என்ற பொருளில் ஸ்கீ டாக் என்று வைக்க நினைத்த பெயர் எழுத்துப்பிழையால் மாறியது என்பார்கள். வடக்கின் மறைப்பணியாளர்களுக்கும் வேட்டையாடிகளுக்கும் என்று எண்ணிச் செய்ததை, பொழுதுபோக்குக்காக நகரத்தார் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். 1964இல் தம் ஐம்பத்தாறாம் வயதில் அவர் மறைந்தார். பின்னாளில் மான்ட்ரியல் நடைபாதைகளில் பனியை ஒதுக்கிய குறுகிய வண்டிகள் பல அவர் நிறுவனத்தின் பட்டைகள்மீது ஓடின. எதிரிகள் ஒரே உடலில் சேர்ந்துகொண்டார்கள்.

நம் ஏடிவி வேறு வழியாக வந்தது. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பதில்லை. அந்த மாதங்களிலும் கடையில் வைத்து விற்க ஏதாவது வேண்டும் என்று ஹோண்டாவின் அமெரிக்கக் கிளை 1967இல் ஜப்பானைக் கேட்டது. ஒசாமு தாக்கேயுச்சி என்ற பொறியாளர் இரண்டு சக்கரம் முதல் ஆறு சக்கரம்வரை கட்டிப் பார்த்து மூன்றில் வந்து நின்றார். 1970இல் விற்பனைக்கு வந்த அந்த முச்சக்கர வண்டியின் உயிர் அதன் டயரில் இருந்தது. இருபத்திரண்டு அங்குல விட்டம், பலூன் போன்ற உருவம், கார் டயரின் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத காற்றழுத்தம். மணலிலும் பனியிலும் அது புதையாமல் உருண்டது. பின்னர் கவிழ்ந்து விபத்துகள் பெருகியதால் 1988இல் உற்பத்தியாளர்கள் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. அதற்குள் சுசுகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்திருந்தது. 1986இல் ஹோண்டா நான்கு சக்கரத்துக்கும் விசை செல்லும் மாதிரியை வெளியிட்டது. விளையாட்டுப் பொருள் மெல்லப் பண்ணைக் கருவியாயிற்று. யாரோ முன்னால் தகடு பொருத்தினார்கள்.

அங்கேதான் முரண். மிதப்பதற்கென்று பிறந்த வண்டியிடம் பதிந்து நின்று தள்ளும் வேலையைக் கேட்கிறோம். ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வண்டி முந்நூறு கிலோ, ஓட்டுபவர் எண்பது. உலர்ந்த தார்ச்சாலையில் டயர் தன்மேல் உள்ள எடையில் எழுபது விழுக்காட்டளவு விசையைத் தரையில் செலுத்த முடியும். கெட்டித்த பனியில் அது இருபதாகக் குறைகிறது, பனிக்கட்டியில் பத்து. ஆக, கெட்டித்த பனியில் இந்த வண்டியால் எழுபத்தாறு கிலோ எடைக்கு ஈடான விசையோடு மட்டுமே தள்ள முடியும். எஞ்சின் ஐம்பது குதிரைத்திறனானாலும் நூறானாலும் அதில் மாற்றமில்லை. எதிரே என்ன இருக்கிறது? ஒன்றரை மீட்டர் அகலத் தகடு, பதினைந்து சென்டிமீட்டர் பனியில் பத்து மீட்டர் நகர்ந்தால் இரண்டேகால் கனமீட்டர் பனி முன்னே சேரும். புதிதாக விழுந்த பனியானால் இருநூறு கிலோவை ஒட்டி இருக்கும். ஈரமேறி அமுங்கிய பனியானால் அதைப்போல் மூன்று மடங்கு.

அனுபவமுள்ளவர்கள் செய்யும் ஒவ்வொன்றும் இந்தக் கணக்கின் ஏதாவது ஓர் எண்ணைத் திருத்துவதுதான். பின்புறத் தாங்கியில் மணல் மூட்டைகள் நூறு கிலோ ஏற்றினால் தள்ளுவிசை இருபது கிலோ கூடும். ஆனால் மூட்டை பின்னச்சுக்கும் பின்னால் தொங்கினால் முன்சக்கரம் இலகுவாகித் திருப்புகிற பக்கம் திரும்பாது. சங்கிலி மாட்டினால் விழுக்காடு உயரும். ஹாரி வீட்டின் ஏணி இன்னும் அதே வடிவில் விற்கிறது. தகட்டைச் சாய்வாக வைத்தால் பனி முன்னே குவியாமல் ஓரமாக வழிந்துபோகும், எதிர்விசை குறையும். ஆனால் வண்டி பக்கவாட்டில் தள்ளப்படும். காற்றைக் குறைத்தால் டயர் பரந்து பிடிக்கும் என்பது மென்பனிக்குப் பொருந்தும், பனிக்கட்டியில் பெரும் பயன் இல்லை; அங்கே ஆணிதான் வேண்டும். தட்பவெப்பமும் சொன்னபடி கேட்பதில்லை. கடுங்குளிரில் பனி காலடியில் நொறுநொறுவென ஒலித்து ஓரளவு பிடிமானம் தரும். சுழியத்தை ஒட்டி, உருகுவதற்குச் சற்று முன் மேற்பரப்பில் நீர்ப்படலம் படரும்போதுதான் அது மிகமிக வழுக்கும். எல்லாவற்றிலும் மலிவான உத்தி, பனி நிற்கும்வரை காத்திராமல் விழவிழ நான்கைந்து முறை ஒதுக்கிவிடுவது. வயதான விவசாயிகள் இதைத்தான் செய்கிறார்கள். சுமை எப்போதும் எழுபத்தாறு கிலோவுக்குள் நிற்கும், இரவில் தூக்கம் மட்டும் போகும்.

டயர்களையே கழற்றிவிட்டு, நான்கு அச்சிலும் முக்கோண வடிவ ரப்பர் பட்டைகளைப் பூட்டிக்கொள்ளும் வழியும் இப்போது இருக்கிறது. எடை பரவும், ஆயினும் பட்டையின் குறுக்குப் பற்கள் பனியைக் கவ்விக்கொள்ளும். மிதத்தலும் பதிதலும் ஓரளவு ஒன்றுசேரும். அதன் விலைக்கு ஒரு பழைய காரே வாங்கலாம் என்பது வேறு. பொம்பார்தியே நிறுவனத்தின் பனிவண்டிப் பிரிவு 2003இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. அதன் தலைமையகம் இன்னும் வால்கூரில் இருக்கிறது. அது ஏடிவிகளைச் செய்கிறது, அவற்றுக்கான ஒதுக்குத் தகட்டையும் பட்டைகளையும் விற்கிறது. 1926இல் ஆர்மாண் தொடங்கிய கடை அதே ஊரில் அருங்காட்சியகத்துக்குள் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஷெர்ப்ரூக் செல்லும் சாலை குளிர்காலம் முழுவதும் திறந்திருக்கிறது.